இவனால் இயன்றது இவ்வளவுதான்

மகன்,

நீ கட்டாருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாக செல்வி சொன்னாள். என்னிடம் நீ சொல்லவில்லை. அதில் எனக்குக் குறையில்லை. புறப்படுவதற்கு முந்தின நாள் பெண்சாதி செல்வியையும் பிள்ளை மதுஷாவையும் கூட்டிக்கொண்டு இரத்தோட்டை வீட்டுக்கு வந்தாய். அரை மணித்தியாலம் இருந்தாய். அம்மா கொடுத்த பிளேன் டீயைக் குடித்தாய். "மெடிக்கல் எல்லாம் சரியா?" என்று நான் கேட்டேன். "சரி" என்றாய். நாற்பது வருஷம் வகுப்பில் வாய் ஓயாமல் பேசிய எனக்கு, சொந்த மகனிடம் அதற்கு மேல் கேட்க ஒரு கேள்வி கிடைக்கவில்லை. நீ காலைத் தொட்டுக் கும்பிட்டாய். நான் தலையில் கை வைத்தேன். யட்டவத்த பஸ் போய்விடும் என்று எழும்பிவிட்டாய்.

நீங்கள் போன பிறகு, கோப்பைகளைக் கழுவிக்கொண்டே அம்மா ஒரு விஷயம் சொன்னாள். செல்வி அவளிடம் சொல்லியிருக்கிறாள். கொழும்பில் நேர்முகத்துக்குப் போன இடத்தில், நீ டைல் பதித்த வீடுகளின் படங்களைப் போனில் பார்த்த கம்பனிக்காரர், "ஒரு மணித்தியால எழுத்துப் பரீட்சை இருக்கு. தமிழிலேயே எழுதலாம். பிளான் வாசிக்கிறது, அளவு கணக்கு, அவ்வளவுதான். பாஸ் பண்ணினா கூலியாட்களுக்கு மேல போர்மனா அனுப்புறோம்" என்றாராம். நீ, "எனக்கு எழுத்து சரிவராது சேர்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, கூலியாள் பேர்ப் பட்டியலில் கையெழுத்து வைத்தாயாம். அவர் வெளியே வந்து இன்னொரு தடவை கேட்டாராம். நீ சிரித்துவிட்டு, "சின்ன வயசிலிருந்தே அப்படித்தான் சேர்" என்றாயாம்.

அம்மா அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. கோப்பைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள். எழுத்து சரிவராது என்பது உன் பேச்சில்லை, மகன். அது என்னுடையது. நான் உனக்குச் சீதனமாகக் கொடுத்தது அது ஒன்றுதான். நீ அதைப் பத்திரமாக வைத்திருந்து, உனக்கு வேண்டாத ஒரு நாளில் எடுத்துச் செலவழித்திருக்கிறாய்.

இந்தக் கடிதத்தை செல்வியிடம் கொடுக்கப் போகிறேன். போனில் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். உறையை ஒட்டப் போவதில்லை. அவள் வாசிக்கட்டும், அம்மா வாசிக்கட்டும், வேண்டுமானால் உன் அண்ணனுக்கும் அனுப்பட்டும். உன்னைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் ஊர் கேட்கத்தான் சொன்னேன். இதை மட்டும் மூடி அனுப்புவது நியாயமில்லை.

இந்தப் பக்கத்துச் சனங்களுக்கு என்னை எதனால் தெரியும் என்று உனக்குத் தெரியும். ஐந்தாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் வகுப்பு. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதும் சரி, ஓய்வு பெற்று வீட்டு முன்னறையில் நடத்துகிற இப்போதும் சரி, மாஸ்டர் வாயில் விழுந்தால் விழுந்ததுதான் என்பார்கள். முதல் வாரத்திலேயே எந்தப் பிள்ளை பாஸாகும், எது ஆகாது என்று சொல்லிவிடுவேன். பிள்ளைகளின் வரவு குறிக்கிற இடாப்பில் பேருக்குப் பக்கத்தில் பென்சிலால் அடையாளம் வைப்பேன். பாஸாகிற பிள்ளைக்கு ஒரு சரி. ஆகாத பிள்ளைக்கு ஒரு புள்ளி. வருஷக் கடைசியில் பெறுபேறு வரும்போது அதிபர் அறையில் இடாப்பைத் திறந்து காட்டுவேன். பத்துக்கு எட்டு, ஒன்பது பலிக்கும். கொழுந்தெடுக்கிற தாய்மார் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "சேர், இவன் முகத்தக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று நிற்பார்கள், சாத்திரக்காரனிடம் நிற்பதைப் போல.

எப்படிப் பலித்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. இப்போது யோசிக்கிறேன். சரி போட்ட பிள்ளைகளை முன்வரிசை வாங்கில் இருத்தினேன். அவர்களிடம் கேள்வி கேட்டால் பதில் வரும்வரை நின்றேன். பிழையாகச் சொன்னால், "இல்லையே, நீ இப்படிச் சொல்ற ஆள் இல்லையே, திரும்ப யோசி" என்றேன். புள்ளி போட்ட பிள்ளைகளிடமும் கேட்டேன். ஆனால் வாயைத் திறக்குமுன் அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டேன். அவர்கள் கொப்பியில் பிழை இருந்தால் சிவப்பால் ஒரு கோடு. முன்வாங்குக் கொப்பியில் பிழை இருந்தால் பக்கத்தில் அந்தக் கணக்கை முழுவதும் செய்து காட்டியிருப்பேன். இது கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. நேரம் குறைவு, பிள்ளைகள் அதிகம், வரப்போகிற பயிருக்குத்தானே தண்ணீர் விட வேண்டும் என்று நினைத்தேன். தண்ணீர் விட்டது வளர்ந்தது. விடாதது வாடியது. நான் வருஷா வருஷம் இடாப்பைத் திறந்து, பார்த்தீர்களா, சொன்னேனே என்றேன்.

போன வருஷம் இரத்தோட்டை பஸ்ஸில் ஒரு பெண் எழும்பி எனக்கு இடம் தந்தாள். என்னிடம் படித்தவளாம். எனக்குப் பேர் ஞாபகமில்லை. கார்மென்ட்ஸில் வேலை செய்கிறாளாம். "சேர் அன்னைக்கே எங்கம்மாகிட்ட சொன்னீங்க, இவளுக்குப் படிப்பு ஏறாது, தையல் பழக்குங்கன்னு. சேர் சொன்னது அப்படியே நடந்திருச்சு" என்று சிரித்த முகத்தோடு சொன்னாள். கோபம் ஒரு துளி இல்லை. என்னைப் பெருமைப்படுத்துவதாகத்தான் நினைத்தாள். நானும் அன்றைக்குப் பெருமைப்பட்டேன். அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

இனி உன் கதைக்கு வருகிறேன். உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாள். உனக்கு ஐந்து முடிந்து சில மாதம். மாத்தளை டவுன் பள்ளிக்கூடம், அண்ணன் படிக்கிற அதே பள்ளிக்கூடம். அவன் அப்போதே பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கிக்கொண்டிருந்தான். அதிபர் உன்னைப் பார்த்து, "தம்பிட பேர் என்ன?" என்றார். நீ பதில் சொல்லவில்லை. கூரையைப் பார்த்தாய். எது கேட்டாலும் முதலில் மேலே பார்த்துவிட்டுப் பிறகுதான் பேசுவாய். அது உன் சுபாவம். அதிபர் மறுபடி கேட்டார். பக்கத்தில் இருந்த ஒரு சேர், "மூத்தவர் மாதிரி இல்ல போல மாஸ்டர்" என்று சிரித்தார். எனக்கு முகம் சுருங்கிப் போனது. நானும் சிரித்து, "இவரு கொஞ்சம் மெதுவு" என்றேன். அந்த வார்த்தை உன்னைக் காப்பாற்றச் சொன்னதில்லை, மகன். என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னது. நாங்கள் கதவைத் தாண்டும்போது நீ என் கையை இழுத்து, "ரவீந்திரன்" என்றாய். பதில் சொல்லத்தான் யோசித்திருக்கிறாய். நான் திரும்பிப் போய், "பிள்ளை பேர் சொல்லிட்டான் சேர்" என்று சொல்லியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்துவிட்டேன்.

ஒரு தடவை சொன்னது வாய்க்குப் பழகிவிட்டது. சொந்தக்காரர் வந்தால் மூத்தவனைக் கூப்பிட்டு இங்கிலீஷில் பேசச் சொல்வேன். உன்னைக் கடைக்கு அனுப்புவேன். "சின்னவருக்குக் கைவேலை நல்லா வரும்" என்பேன். கேட்பவர்களுக்கு அது பாராட்டு மாதிரி இருக்கும். உனக்கு மட்டும் அதன் அர்த்தம் தெரியும். அண்ணன் மேசையில் படிப்பான். நீ படிக்க உட்கார்ந்தால், "நீ போய்ப் படு, நாளைக்குப் பாக்கலாம்" என்பேன். அதைக் கருணை என்று நினைத்தேன். ஒரு பிள்ளையிடம் ஒன்றும் கேட்காமல் இருப்பது கருணையில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறாள். "அவனையும் ஏசுங்களேன். பெரியவன ஏசுற மாதிரி ஏசுங்க. ஏசக்கூட ஆகாதவனா அவன்?" என்று கேட்டாள். எனக்கு அன்றைக்கு அது விளங்கவில்லை.

எட்டாம் வகுப்பில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனாலும் என் பக்கத்திலிருந்து அது எப்படி நடந்தது என்று எழுத வேண்டும். அந்த வருஷம் முதல் தவணை முடிந்த பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து நடேசன் என்று ஒரு கணக்கு சேர் மாற்றலாகி வந்தார். மெலிந்த ஆள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கியிருந்தார். முதல் தவணையில் உனக்குக் கணக்கில் முப்பத்து நாலு. இரண்டாம் தவணை ரிப்போர்ட்டில் எழுபத்தொன்று. நீ அதைக் கொண்டுவந்து நீட்டியபோது உன் முகத்தில் இருந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "யாரைப் பாத்து எழுதின?" என்று கேட்டேன்.

நீ கூரையைப் பார்த்தாய். "இல்லப்பா, நானே செஞ்சேன்" என்றாய். நான் நம்பவில்லை. உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது ஒரு நாள் சந்தோஷத்தோடு ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டியிருந்தால், அந்த நிமிஷம் எவ்வளவு சின்னது, எவ்வளவு பெரியது என்று உனக்குத் தெரிந்திருக்கும். அடுத்த நாள் காலையில் லீவு போட்டுவிட்டு உன் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். ஆசிரியர் அறையில் நடேசன் சேர் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பிக் கைகொடுத்தார். உன்னைப் பற்றி நல்லதாகச் சொல்லத் தொடங்கினார். நான் மறித்தேன்.

"இவன் பாத்து எழுதியிருக்கான் சேர். எனக்கு என் பிள்ளையத் தெரியும்."

"இல்லை சேர். நான் பக்கத்தில நிண்டு பாத்தனான். உங்கட மகன் ஒருத்தரையும் பாத்து எழுதேல்லை. அவன் நல்லாச் செய்யிறான்."

"அப்படின்னா இப்ப கூப்பிட்டு ஒரு அஞ்சு கணக்குக் குடுங்க. என் முன்னால செய்யட்டும்."

அவர் தயங்கினார். நான் அவரைவிட வயசில் மூத்தவன், இந்த ஊரில் பேர் உள்ளவன். அவர் ஊருக்குப் புதிது. ஒரு பிள்ளையை அனுப்பி உன்னைக் கூப்பிட்டார். நீ வந்தாய். அறையில் இருந்த மற்ற ஆசிரியர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். காகிதத்தையும் பேனையையும் வைத்து உன்னை உட்காரச் சொன்னோம். நான் உன் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றேன். நீ திகதி எழுதினாய். கீழே ஒன்று என்று இலக்கம் போட்டாய். அடைப்புக்குறி போட்டாய். அதற்கு மேல் பேனை நகரவில்லை. உன் கழுத்தில் வியர்வை இறங்கியதை மேலே இருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிஷம் இருக்கும். பிறகு அந்தக் காகிதத்தை எடுத்து அவரிடம் காட்டி, "பாத்தீங்களா?" என்றேன்.

அவர், "சேர், நீங்கள் பின்னால நிண்டால் நானும் பிழை விடுவன்" என்றார். சிரிக்கவில்லை. நான் உன்னை வகுப்புக்குப் போகச் சொன்னேன்.

மூன்றாம் தவணையில் உனக்கு இருபத்தொன்பது. அதற்குப் பிறகு கணக்கில் நீ முப்பதைத் தாண்டவே இல்லை. இந்தக் கதையை எத்தனை கலியாண வீட்டில் சொல்லியிருக்கிறேன் என்று எனக்குக் கணக்கில்லை. எழுபத்தொன்று எடுத்ததையும், என் முன்னால் இருத்தியபோது ஒரு வரி எழுத முடியாமல் போனதையும் வேடிக்கையாகச் சொல்வேன். எல்லாரும் சிரிப்பார்கள். நீயும் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சிரிப்பாய். நீ எப்படிச் சிரித்தாய் என்று இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

சாதாரண தரப் பரீட்சையில் கணக்கு பெயிலானது. இரண்டாம் முறை எழுதச் சொல்லவில்லை நான். அண்ணனை உயர்தரம் இரண்டாவது தடவை எழுத வைத்தேன்; அதற்காகக் கண்டிக்கு வகுப்புக்கு அனுப்பினேன். உன்னிடம், "பரவாயில்ல, ஒரு தொழிலப் பாரு" என்றேன். டைல் பதிக்கிற மேசன் பாஸ் ஒருவரிடம் வேலை பழகச் சேர்த்துவிட்டேன். பெரியவன் எஞ்சினியராகி மெல்பனில் இருக்கிறான். அவனைக் குறை சொல்லவில்லை. அவன் நான் நினைத்தபடி வந்தான். நீயும் நான் நினைத்தபடி வந்தாய். நீ என் பேச்சைக் கேட்காத பிள்ளை என்று ஒரு தடவை நான் சொன்னபோது அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "பெரியவனாவது சில நேரம் எதிர்த்துப் பேசினான். நீங்க சொன்னத ஒரு சொல் விடாமக் கேட்டவன் சின்னவன்தான்."

நீ புறப்பட்டுப் போன அடுத்த கிழமை மழையில் பின்னறைக் கூரை ஒழுகியது. அலுமாரியை நகர்த்த அதிலிருந்த காகிதங்களை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டோம். உங்கள் இருவரின் ரிப்போர்ட்டுகளும் ஒரே கட்டாக இருந்தன. நனைந்தவற்றைத் தனித்தனியாக விரித்துத் தரையில் காயவைத்தேன். தற்செயலாக, அண்ணனின் நாலாம் வகுப்பு ரிப்போர்ட்டும் உன்னுடைய நாலாம் வகுப்பு ரிப்போர்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. கணக்கு, அவனுக்கு ஐம்பத்தொன்று. உனக்கு ஐம்பத்தேழு. தமிழில் இருவருக்கும் ஒரு மார்க்தான் வித்தியாசம். முதலில் மாற்றிப் பார்க்கிறேன் என்று நினைத்துக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். பேர் சரியாகத்தான் இருந்தது.

கீழே பெற்றோர் குறிப்பு என்று ஒரு வரி இருக்கும். இரண்டிலும் என் கையெழுத்து. அண்ணனுடையதில், "கெட்டிக்காரன். கவனம் போதாது. அடுத்த தவணையில் நிச்சயம் முன்னேறுவான்" என்று எழுதியிருக்கிறேன். உன்னுடையதில், "இவனால் இயன்றது இவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறேன். ஐம்பத்தொன்றுக்கு அது, ஐம்பத்தேழுக்கு இது. அதே பேனை, அதே அழகான எழுத்து. உனக்கு அப்போது ஒன்பது வயது. நன்றாக வாசிக்கத் தெரியும். ரிப்போர்ட்டைத் திரும்பப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனவனும் நீதான்.

அந்த ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தபோது, இரண்டு வருஷத்துக்கு முந்தின ஒரு காலை ஞாபகம் வந்தது. அலுவிகாரையில் ஓய்வு பெற்ற ஒரு சிங்கள டீச்சர் வீட்டில் நீ டைல் போட்டுக்கொண்டிருந்தாய். அம்மா கொடுத்த சாப்பாட்டைக் கொண்டுவந்தேன். நீ என்னைக் கவனிக்கவில்லை. பழைய வீடு. அறையின் ஒரு சுவர் கோணல். நீ மூலையிலிருந்து ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி குறித்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தாய். வரவில்லை. கூரையைப் பார்த்தாய். பிறகு ஒரு சிமெந்துப் பையைக் கிழித்து அதில் அறையை வரைந்து, கோணல் முழுவதும் கட்டில் வருகிற பக்கத்துக்குப் போகும்படி பிரித்து, வாசலில் நிற்பவருக்கு எல்லாக் கோடும் நேராகத் தெரிகிற மாதிரி போட்டு வைத்தாய். எத்தனை டைல் வெட்ட வேண்டும், எத்தனை மிஞ்சும் என்று வாயாலேயே சொன்னாய். செங்கோண முக்கோணத்தை மேல் வகுப்புகளில் ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன். அதை ஒருவன் இப்படிக் கையில் எடுத்துப் பாவிப்பதை நான் பார்த்ததில்லை. அந்த டீச்சர் சிங்களத்தில், "மாஸ்டர், உங்கள் மகனை ஏன் படிக்க வைக்கவில்லை?" என்று கேட்டார். "அவனுக்கு ஏறவில்லை" என்றேன். பழக்கம். சாப்பாட்டுப் பார்சலை வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ரிப்போர்ட்டுகளைப் பார்த்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பழைய ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேரிடம் விசாரித்து நடேசன் சேரின் நம்பரை வாங்கினேன். ஓய்வு பெற்று யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். பேசினேன். என் பேரைச் சொன்னதும் தெரியவில்லை. ரவீந்திரனின் அப்பா என்றதும் தெரிந்தது.

"ஓமோம், ரவீந்திரன். மேல பாத்திட்டு விடை சொல்லுவான். எப்பிடி இருக்கிறான் சேர்?"

"நல்லா இருக்கான்" என்றேன். பிறகு, "ஒரு விஷயம் கேக்கணும் சேர். அந்தத் தவணை அவனுக்கு நீங்க என்ன செஞ்சீங்க? முப்பத்து நாலு எப்படி எழுபத்தொன்று ஆச்சு?" என்று கேட்டேன்.

"விசேசமா ஒண்டும் செய்யேல்லை சேர். நான் வந்த புதுசு. பரிசு வாங்கின பிள்ளையளின்ர பலகையில உங்கட மூத்தவன்ர பேரைக் கண்டனான். தம்பியும் அப்பிடித்தான் இருப்பான் எண்டு நினைச்சிட்டன். அவன் விடை சொல்ல நேரமெடுத்தால், பெரிசா ஏதோ யோசிக்கிறான் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். அவனும் சொன்னான். முதல் தவணை மார்க்ஸை நான் பிறகுதான் பாத்தனான். முதலே பாத்திருந்தால் நானும் விட்டிருப்பன் போல."

அவர் தொடர்ந்து, "இப்ப எங்க சேர், வெளிநாட்டிலயோ? எஞ்சினியரிங்தானே செய்தவன்?" என்று கேட்டார். இருபத்தொரு வருஷமாக அந்த மனுஷன் உன்னை எஞ்சினியராகவே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். சில மாதம் உனக்குப் படிப்பித்தவர். நான் உண்மையைச் சொன்னேன். டைல் வேலை, கட்டாருக்குக் கூலியாளாகப் போயிருக்கிறான், பரீட்சை எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டான் என்றேன். "அண்டைக்கு உங்களை அந்தக் கதிரைக்குப் பின்னால நிக்க விட்டது என்ர பிழை" என்றார். என் பிழை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வருமுன் அவர் போனை வைத்துவிட்டார்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, அந்தப் பரீட்சையை இனியாவது எழுது என்று அப்பா சொல்லப் போகிறார் என்று நீ நினைப்பாய். சொல்ல மாட்டேன். உன்னால் முடியும் என்று, உனக்கு முப்பத்து நாலு வயசான பிறகு நான் சொன்னால் அது உனக்கு எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் விடவேண்டிய காலத்தில் விடாமல், கட்டை காய்ந்த பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு வருகிறவனை யார் மதிப்பார்கள்? உனக்கு அறிவு இருந்தது, இருக்கிறது. அது என் அபிப்பிராயமில்லை, காகிதத்தில் இருக்கிற கணக்கு. இரண்டு ரிப்போர்ட்டையும் செல்வியிடம் கொடுக்கிறேன். அவற்றை வைத்து நீ என்ன செய்தாலும் சரி, கிழித்துப் போட்டாலும் சரி. மன்னிப்புக் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. நீ உடனே, "பரவாயில்லப்பா" என்று சொல்லிவிடுவாய். என்னிடமிருந்து எதையும் எதிர்பார்க்காமல் இருக்க உன்னை அவ்வளவு நன்றாகப் பழக்கி வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. இது மட்டும் நான் கேட்கிறது. போன சனிக்கிழமை செல்வி மதுஷாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அடுத்த வருஷம் நாலாம் வகுப்பு, இப்போதிருந்தே தாத்தாவின் வகுப்பில் விட்டால் ஸ்கொலர்ஷிப்புக்கு நல்லது என்று நீயும் சொன்னாயாம். "அவளும் என்னய மாதிரித்தான், அப்பாதான் பாத்துச் சொல்லணும்" என்று சொன்னாயாம். அந்த இரண்டு வார்த்தையையும் இனிச் சொல்லாதே. அவளுக்குக் கேட்கிற தூரத்தில் சொல்லவே சொல்லாதே.

செல்வி உள்ளே அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். மதுஷா என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, கொப்பியைத் திறந்து, நான் சொல்லாமலே ஒரு கணக்கைச் செய்யத் தொடங்கினாள். நான் அவளைப் பார்த்தேன். பார்க்க வேண்டாம் என்று நினைத்தும் பார்த்தேன். பென்சிலைப் பிடித்த விதம், உதட்டைக் கடித்த விதம், எங்கே நின்றாள், எங்கே அழித்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, மகன். இவ்வளவும் தெரிந்த பிறகும், இந்தக் கடிதத்தில் பாதியை எழுதி முடித்த பிறகும், என் மனசு அவள் பேருக்குப் பக்கத்தில் ஒரு அடையாளத்தைப் போட்டுவிட்டது. நாற்பது வருஷப் பழக்கம். கையைக் கட்டினாலும் அது தானாக எழுதுகிறது.

அது சரியா, புள்ளியா என்று உனக்குச் சொல்ல மாட்டேன். செல்விக்கோ அம்மாவுக்கோ சொல்ல மாட்டேன். அது என்னோடு போகட்டும். பிள்ளையை என்னிடம் அனுப்பாதே.

அப்பா